கீறல் இல்லாத கறுப்பு சைக்கிள்

பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்த கணக்கு வாத்தியார் ஒருவர் கார்பன் இழையால் ஆன இரண்டு ரேஸ் சைக்கிள்களை விற்பதாகக் கேள்விப்பட்டு, ஒன்றை வாங்கப் போனேன். ஒல்லியான மனிதர். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. தெருவில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிடுவார்.

சிவப்பு, கறுப்பு இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். கறுப்புதான் லேசாக இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இதையே எடுத்துக்கறேன் சார்" என்றேன்.

அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "அது வேணாங்க. வேப்பூர் ரோட்டுல லாரி தோள்ல தட்டி, ஓரத்து மணல்ல அதோட விழுந்தேன். கார்பன் உள்ளுக்குள்ள விரிசல் விட்டிருந்தா வெளிய தெரியாது. ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டா ஒடைஞ்சிடும்."

"அப்புறம் ஏன் சார் விக்கிறீங்க?"

"வூட்டுல இருந்தா நானே எடுத்து ஓட்டிடுவேன்னு பயமா இருக்குதுங்க. ஆனா உங்ககிட்ட குடுக்கவும் மனசு வரல."

சிவப்பை வாங்கி வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வேப்பூர் சாலையில் எனக்கு முன்னால் அவர் அந்தக் கறுப்பு சைக்கிளில் தலை குனிந்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் லாரி வரும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துத் தடுமாறிவிடுவாரோ என்று பயந்து, பேசாமல் மிதித்தேன். லாரி எங்கள் இருவரையும் தாண்டிப் போன பிறகும் அவரைக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை.