வெள்ளைக்காரக் கொடுவா நிற்கும் இடம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவின் உயிர் இரண்டு மாதம் என் வாயில் இருந்தது. அப்படியொரு சத்தியத்தை வாங்கியவர் சித்தப்பா.

ஜெர்மனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டுத் தனியாளாக லண்டனில் மோர்டனுக்கு வந்தவர் அவர். எங்கள் வீட்டுச் சின்ன அறையில் இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, தமிழ்ப் பள்ளிக்கு நான் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவார். அவருடைய கைப்பேசிக்கு அப்பாவைத் தவிர வேறு யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை. அப்பாவும் வரும் வழியில் பால் வாங்கச் சொல்லத்தான் அழைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் ஒரு குடாவுக்கு மீன் பிடிக்கப் போவார். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். போய்ப் பார்த்தால் கடலையே காணவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கடை ஊர்க் கடல் முழங்காலளவுதான் ஏறி இறங்கும், பிள்ளை. இது வீட்டுயரத்துக்கு ஏறும். வத்திக் கிடக்கேக்கை நிலத்தைப் பாத்து வைச்சால்தான், வெள்ளம் வரேக்கை மீன் எந்த வழியாலை வரும் எண்டு தெரியும்."

சேற்றுக்குள் வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடியது. சிப்பி மூடிய கற்களை அது சுற்றி வளையும் இடத்திலிருந்து, கரையில் பச்சைக் கதவு போட்ட மரக்கொட்டில்வரை எட்டி எட்டிக் கவடு வைத்து எண்ணினார். அறுபது. தண்ணீர் ஏறியதும் கொட்டிலுக்கு நேரே நின்று தூண்டிலை வீசினார். அரைமணி நேரத்தில் என் கை நீளத்துக்கு ஒரு வெள்ளி மீன். அளவுகோலில் வைத்துப் பார்த்து, சட்டம் கேட்கிற நீளத்துக்குக் காணும் என்றார். அதற்கு வெள்ளைக்காரக் கொடுவா என்று பெயரும் அவர்தான் வைத்திருந்தார்.

"இடத்தை ஒருத்தருக்கும் சொல்லப்படாது. அம்மாவாணை?"

"அம்மாவாணை."

அதன்பிறகுதான் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, எனக்குப் பிடித்த இடம். எனக்கு வேறெந்த இடமும் பிடிக்கவில்லை. அம்மாவின் உயிரைக் கருதி 'ஒரு கடற்கரை' என்று மட்டும் எழுதினேன். சித்தப்பா சிவப்புப் பேனையால் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு பக்க ஓரத்தில் எந்த வீதியால் திரும்புவது, பச்சைக் கதவு, அறுபது கவடு என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டார்.

"சித்தப்பா, சத்தியம்?"

"வாங்கினவன் விட்டால் விட்டதுதான். இடம் விளங்கேல்லை எண்டால் கேக்கிற சனத்துக்கு என்ன பிரயோசனம்?"

நான் நம்பவில்லை. ஆனாலும் பேசினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. பின்வரிசையில் இருந்த அப்பாமார் சிலர் அழைப்பிதழின் பின்பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க அம்மா இருமும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது பச்சைக் கதவின் முன்னால் ஆறு கார்கள் நின்றன. வழக்கம்போலக் கடலைக் காணவில்லை. சேற்றைப் பார்த்துத் திகைத்து நின்ற கூட்டம் சித்தப்பாவைக் கண்டதும் சூழ்ந்துகொண்டது.

"அண்ணை, இதுக்குள்ளை எங்கை மீன் நிக்கும்?"

"அண்ணை, தண்ணி எத்தினை மணிக்கு வரும்?"

அவர் எல்லோரையும் சேற்றில் நடத்திக்கொண்டு போய்ப் பள்ளத்தைக் காட்டினார். வெள்ளம் ஏறியபோது ஆளாளுக்கு இடம் பிரித்துக் கொடுத்தார். அறுபது கவட்டு இடத்தைச் பக்கத்து ஊரான சட்டனிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தார். அன்று ஆறு கார்க்காரரில் நான்கு பேருக்கு மீன் கிடைத்தது. சித்தப்பாவின் தூண்டில் உறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

வெறும் வாளியோடு திரும்பும்போது நான் காரில் விம்மி விம்மி அழுதேன். என்னால்தானே எல்லாம் போனது. அவரோ ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. அப்பா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். சித்தப்பா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "ஓம், நான்தான் கதைக்கிறன்" என்று வாசல் நடைக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

இடத்தைச் சொன்னதற்காக அவரை யாரோ ஏசுகிறார்கள் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு என் சோற்றைப் பிசைந்தேன்.