மஃபின் வீட்டுக்குப் போன கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்துவிட்டால், ஹிஞ்சேவாடி டிராஃபிக்கில் கம்பெனி கேப் நகராமல் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வாசம் நினைவுக்கு வரும். முந்திரிக்கொத்து வேகும் எண்ணெய் வாசமும் அப்போதுதான் குளித்த நாய்களின் ஈர வாசமும் கலந்த வாசம். நிக்டியில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் அப்படித்தான் மணக்கும்.

அதற்குக் காரணம் அம்மா. பெயர் ஸ்டெல்லா. கல்யாணமாகி தூத்துக்குடிப் பக்கம் ஏரலிலிருந்து இங்கே வந்தபோது ஒரு வார்த்தை மராத்தி தெரியாது. அப்பா பிம்ப்ரியில் கம்பெனிக்குப் போய்விடுவார். அம்மா தெருநாய்களுக்குச் சோறு வைப்பாள். அதைப் பார்த்து நின்று பேசிய பக்கத்து வீட்டுப் பெண்களிடம்தான் மராத்தி கற்றாள். இன்றைக்கும் அவள் மராத்தியில் பாதி, நாயை அதட்டுகிற தொனியில்தான் இருக்கும். அப்படிச் சோறு தின்ன வந்து வீட்டோடு தங்கிவிட்டதுதான் டைகர். பிறகு வாகட்டில் இருக்கும் ஐ.டி. பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது தங்கள் நாய்களை அம்மாவிடம் விட்டுப்போக ஆரம்பித்தார்கள். டிசம்பர் கடைசியில் எங்கள் வீட்டில் ஆட்களைவிட நாய்கள் அதிகம். பழைய ஸ்வெட்டர்களை வெட்டி எல்லாவற்றுக்கும் மாட்டிவிடுவாள்.

அப்பா சின்னதுரைக்கு நீண்ட ஜெபம் பழக்கம். கிறிஸ்துமஸ் மதியம் பிரியாணியை நடுவில் வைத்துவிட்டு, தூத்துக்குடிச் சொந்தக்காரர்களில் தொடங்கி பிம்ப்ரி ஷிஃப்ட் சூப்பர்வைசர் வரைக்கும் எல்லாருக்காகவும் வேண்டுவார். நாய்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? அதனால் எந்த வேளைச் சாப்பாட்டுக்கும் காத்திருக்க அம்மா பழக்கினாள். தட்டை வைத்து, மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொள்வாள். ஆமென் என்ற பிறகுதான் கையை எடுப்பாள். நாளாக ஆக, கை தேவைப்படவில்லை. டைகர் மட்டும் சில நேரம் "ஆண்டவரே" என்பதற்கே வாயை வைத்துவிடும். மஃபின் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

மஃபின், ப்ரீதியின் நாய். கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியபோது, ஆறு மாதம்தான் ஆன்ட்டி என்று விட்டுப்போனாள். இரண்டு வருடம் ஆனது. அதற்குள் மஃபின், அம்மா வாயில் மாப்பு ஆகிவிட்டது. அவள் கட்டிலுக்கடியில் தூங்கவும் பழகிவிட்டது. அந்த டிசம்பரில் ப்ரீதி போன் செய்தாள். ஜெர்மனியிலிருந்து திரும்பிவிட்டாளாம், கிறிஸ்துமஸ் அன்றைக்கு வந்து மஃபினை அழைத்துப்போகிறாளாம்.

"அடுத்தவுக பிள்ள ஸ்டெல்லா. குடுத்துத்தான ஆகணும்?" என்றார் அப்பா.

"தெரியும். நீங்க சும்மா இருங்க." அன்றைக்கு மாவு பிசைந்த வேகத்தைப் பார்த்து நானும் அடுக்களையை விட்டு நகர்ந்துவிட்டேன்.

ஆராதனை முடிந்து நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் ப்ரீதி வந்தாள். மஃபின் அவளை முகர்ந்தது, வாலை ஆட்டியது, பிறகு திரும்பி வந்து அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டது. ப்ரீதி ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டைக் கையில் வைத்து நீட்டினாள். மஃபின் வந்து உட்கார்ந்தது. பிஸ்கட்டைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. எச்சில் ஒழுகியதே தவிர, தொடவில்லை.

"சாப்பிடு மஃபின். உனக்குப் பிடிச்சதுடா." ப்ரீதி அழுதுவிட்டாள். "என்னை மறந்துட்டா ஆன்ட்டி. என் கையால சாப்பிடக்கூட மாட்டேங்கறா. கூட்டிட்டுப் போனா பட்டினிதான் கிடப்பா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

அது ஏன் சாப்பிடவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்; கை எப்போதோ காய்ந்திருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். போனதிலிருந்து அப்பாவின் ஜெபத்தில் உதட்டை மட்டும்தான் அசைக்கிறேன். எதை நம்புகிறேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நிமிடம் உண்மையாகவே வேண்டிக்கொண்டேன், அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று.

"ஆமென் சொல்லும்மா," என்றாள் அம்மா.

"என்ன ஆன்ட்டி?"

"அதுகிட்ட ஆமென்னு சொல்லு. சொல்லாம தொடாது. நாந்தான் பழக்கி வச்சிருக்கேன்."

ப்ரீதி எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு மெதுவாக, "ஆமென்" என்றாள்.

பிஸ்கட் போன இடம் தெரியவில்லை. மஃபின் அவள் உள்ளங்கையை நக்கி, முழங்கை வரைக்கும் ஏறி, மூக்கை அவள் கழுத்தில் வைத்துத் தேய்த்தது. ப்ரீதி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

"இவ்வளவு சின்ன ஜெபத்த மாப்பு இதுவரைக்கும் கேட்டிருக்காது," என்றார் அப்பா.

"எங்க மாமியார் நெத்தி நிறைய விபூதி பூசறவங்க, அங்கிள். அவங்க இருக்கும்போது நான் எப்படிச் சோறு போடறது?"

"அவுகளயும் சொல்லச் சொல்லு," என்றாள் அம்மா. "ஒரு வார்த்த சொன்னா ஞானஸ்நானமா குடுத்துருவாக?"

பிரியாணி சாப்பிட்டுவிட்டு ப்ரீதி மஃபினோடு கிளம்பினாள். அம்மா ஸ்வெட்டரைச் சரிசெய்துவிட்டாள். ஒரு டப்பா முந்திரிக்கொத்தையும் கொடுத்தாள். கார் திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே போய், பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அடுக்க ஆரம்பித்தாள். தீபாவளிக்கு அவர்கள் சக்லி என்கிற முறுக்கும் கரஞ்சி என்கிற சோமாசும் வைத்துக் கொடுத்த தட்டுகள் அவை. வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "ஏம்மா சொன்ன? பேசாம இருந்திருந்தா நம்மகிட்டயே இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்." அச்சுமுறுக்கு ஒன்று கையில் உடைந்தது. அதை டைகருக்குப் போட்டாள். "அந்தப் பிள்ள அழுதுச்சேட்டி."

மறுநாள் ப்ரீதியிடமிருந்து வீடியோ வந்தது. அவளுடைய மாமியார் வைஜயந்தி தயிர்சாதத்தை வைத்துவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்கிறார். மஃபின் ஒரே மூச்சில் தட்டைக் காலி செய்கிறது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. என் போனை வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்து, மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி ரீனா, அந்தப் பிள்ளைக்கு ஒரு போன் போடு," என்றாள். "மாப்புக்கு இன்னும் ரெண்டு கரண்டி வேணும்."