டிவியில் சொன்ன நல்ல செய்தி

போன வாரம் ஒரு பெண்கள் சஞ்சிகையிலிருந்து போன் வந்தது. பிரபலங்களின் இன்னொரு பக்கம் என்று ஏதோ செய்கிறார்களாம். எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் நான் பிரபலம் இல்லை என்றேன். அந்தப் பிள்ளை விடவில்லை. பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்... கடைசியில் கேட்டாள் – பொழுதுபோக்கு என்ன?

கடலில் நீந்துவது என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் கடலில் இறங்கி மாதக்கணக்காகிறது. ஏன் இறங்கவில்லை? அந்தப் பிள்ளையின் கேள்விகளில் அது இல்லை. உங்களுக்கு இங்கே சொல்கிறேன்.

என் வேலை இந்தப் பத்தியை வழமையாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். திருகோணமலையில் ஒரு சின்னத் தொலைக்காட்சி. துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மாடிக் கட்டடம், அதில் சில அறைகள். வார நாட்களில் காலை நிகழ்ச்சி, நேரலை. விடியுமுன் வான் வந்து ஏற்றும். பஸ் நிலையத்தடியில் மான்கள் குப்பைக்குள் பொலித்தீன் மென்றுகொண்டு நிற்கும். அதுகளுக்கும் நித்திரை இல்லைப் போல. ஸ்டூடியோவில் முகப்பூச்சு. பிறகு கடையிலிருந்து இரவலாக வந்த சேலை – பின் குத்திய அடையாளம் தெரியாமல் அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். பிறகு சிரிப்பு. ராசிபலன், சமையல், பல் வைத்தியர், பிறந்தநாள் வாழ்த்து... எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. நிகழ்ச்சி முடியும்போது தாடை வலிக்கும்.

அந்த வலிக்குக் கடல்தான் மருந்தாக இருந்தது. நாற்பதை நெருங்கும்போதுதான் நீந்தப் பழகினேன். வேலை முடிந்ததும் டச்பே கடற்கரையில் சல்வாரோடு இறங்குவேன். கொஞ்ச நாள் ஊர் பார்த்தது, பிறகு ஊருக்கு அலுத்துவிட்டது. தண்ணீருக்குள் தலையை விட்டால் இயர்பீஸ் இல்லை. அடுத்தது என்ன சொல்ல வேண்டும் என்று காதுக்குள் ஒருவரும் கத்தமாட்டார்கள். மல்லாந்து மிதந்தால் வானம் மட்டும். வேறென்ன வேண்டும்?

மலர் வந்தது அப்படி ஒரு காலையில்தான். உடுப்புப் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து மிதித்தே வந்திருக்கிறாள். கணவன் யோகநாதனும் அவனுடைய தம்பியும் பைபர் படகில் கடலுக்குப் போனவர்கள். திரும்பவில்லை. கடற்படை தேடியது. ஊரார் படகுகளை எடுத்துக்கொண்டு போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தார்கள். டிவியில் சொன்னால் தூரத்தில் போகிற கப்பல்காரர்களுக்கும் தெரியவரும் என்பது அவளுடைய எண்ணம்.

எங்கள் தயாரிப்பாளர் நியாஸ், கிண்ணியாக்காரர், நல்ல மனிதர். கடலைத் தெரிந்த குடும்பம். ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த நாள் சமையல் பகுதியைத் தூக்கிவிட்டு அந்த நேரத்தை மலருக்குக் கொடுத்தார். அவள் அழவில்லை. பச்சைப் படகு, முன்னுக்கு அம்மன் படம் ஒட்டியிருக்கும், இவர் நெட்டை, தம்பி கட்டை என்று கமராவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள். அந்தத் துண்டு வீடியோ பேஸ்புக்கில் எங்கெல்லாமோ போனது. ஆயிரம் பேர் பிரார்த்தித்தார்கள். சிலர் என் சேலை எந்தக் கடை என்று கேட்டார்கள்.

பிறகு ஒருநாள், நிகழ்ச்சி போய்க்கொண்டிருக்கும்போதே நியாஸின் குரல் காதுக்குள் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் லைனில் நிற்கிறார், நல்ல செய்தி, எடுங்கள் என்றார்.

எடுத்தேன். பேசியவர் ஓர் அயல்நாட்டில் ஹோட்டல் வேலை செய்கிற நம் ஊர்ப் பக்கத்து ஆள். அங்கே தடுப்பு முகாமில் இலங்கை மீனவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், கிழக்குப் பக்கத்து ஆட்கள் என்று கேள்விப்பட்டாராம். ஒருவருடைய பெயர் யோகன் என்றார்.

யோகன்!

எனக்கு முன்னால் புரொம்ப்டரில் எழுத்துகள் ஓடி வந்தன. நான் வாசித்தேன். "மலர், உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார்." அன்றைக்கு முகத்தில் வந்தது வேலைக்காக வைத்திருக்கிற சிரிப்பு அல்ல. கமராக்காரர் கண்ணைத் துடைத்தார். சல்லியில் முத்துமாரி அம்மன் கோயிலில் பொங்கினார்களாம். மலர் போன் எடுத்தாள். இரண்டு பேரும் அழுதோம்.

யாராவது விசாரித்தீர்களா என்று கேட்பீர்கள். நேரலையில் எப்படி விசாரிப்பது? அந்த மனிதருக்கு உதவ ஆசை. எங்களுக்கு நம்ப ஆசை. ஊருக்கும் ஆசை. இத்தனை பேருடைய ஆசை ஒன்றாகச் சேர்ந்தால் அது செய்தி ஆகிவிடுகிறது... அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்த கையோடு மலர் போன் எடுப்பாள். சேதி ஏதும் வந்ததோ என்று கேட்பாள். இல்லை என்றால், பரவாயில்லை அக்கா, நாளைக்கு வரும் என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைப்பாள்.

நியாஸ் கொழும்பில் இருக்கிற அதிகாரிகளை விடாமல் துரத்தினார். ஒருநாள் பதில் வந்தது. அந்த முகாமில் இருந்தவர்கள் வேறு மாவட்டத்துக்காரர்கள். யோகன் என்பவர் யோகராசா. இரண்டு பேரும் விடுதலையாகி வீட்டுக்கும் போய்விட்டார்கள். பச்சைப் படகைப் பற்றி எந்த நாட்டிலும் எந்தத் தகவலும் இல்லை.

எங்கோ ஒரு யோகராசாவின் மனைவி அன்றைக்குச் சந்தோஷமாகச் சமைத்திருப்பாள்.

கிராம சேவகர் போய் மலரிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. பிறகு ஒருநாள் அவளுடைய மாமியார் எனக்குப் போன் எடுத்தார். ஒரே படகில் இரண்டு மகன்களையும் அனுப்பிவிட்டு இருக்கிற பெண். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்துவிட வேண்டும் என்று அவருக்கு. மருமகள் விடுகிறாளில்லை.

"என்ர ரெண்டு பிள்ளையளுக்கும் ஒரு பிடி சோறு படைக்க விடுறாளில்லை, மகள். நீங்கள் ஒருக்கா வந்து சொல்லுங்கோ. உங்கட கதையை எண்டால் கேப்பாள்."

போனேன். முகப்பூச்சைக் கழுவிவிட்டு, என் சொந்தச் சேலையில் போனேன். வழி முழுக்கக் கருவாடு காய்ந்தது. வீட்டில் மலர் பொட்டோடும் தாலியோடும் இருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது – எங்கள் சனல்தான். வந்தவுடன் போடுவதற்கென்று யோகநாதனின் சேர்ட் ஒன்றைத் தோய்த்து மடித்துக் கதிரையில் வைத்திருந்தாள். என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய் இருத்தி, தேத்தண்ணி ஊற்றினாள்.

சொன்னேன். யோகராசாவைப் பற்றி, முகாமைப் பற்றி, எல்லாவற்றையும். எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. நாள் முழுக்கப் பேசிப் பிழைக்கிறவள், அன்றைக்கு வசனம் முடிக்கத் தெரியாமல் திணறினேன். அவள் குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அக்கா," என்றாள், "உயிரோட இருக்கிறார் எண்டு நீங்கள் டிவியிலதான் சொன்னனீங்கள். ஊரெல்லாம் கேட்டது. இப்ப வந்து குசினிக்குள்ள வச்சு இல்லை எண்டுறீங்கள்."

தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள்.

"இல்லை எண்டால் அதையும் டிவியில சொல்லுங்கோ. அப்ப நம்புறன்."

வாசலில் நின்ற மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சொல்கிறேன் என்று மலருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வருகிற வழியில் டச்பேயில் இறங்கிப் பார்த்தேன். முழங்கால் மட்டும் போயிருப்பேன். அதற்கு மேல் ஏலவில்லை. அந்தத் தண்ணீரில் இன்னும் அவர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று பட்டது. திரும்பி வந்து ஈரச் சேலையோடு மணலில் இருந்தேன். அன்றைக்கு விட்டதுதான் என் பொழுதுபோக்கு.

அடுத்த நாள் நியாஸிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காலையில ஒரு பொம்புளையப் பாத்து, உங்கட மாப்புள இல்லயெண்டு லைவில எப்புடிச் சொல்ற?" என்றார் மெதுவாக.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிர்வாகத்திடம் இன்னும் பெரிய நியாயம் இருந்தது. இறந்துவிட்டார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? உடல் கிடைத்ததா? படகின் ஒரு துண்டாவது? சரி, இறந்தார்கள் என்று சொல்ல வேண்டாம், நாங்கள் அன்றைக்குச் சொன்னது பிழை என்று ஒரு வரி சொல்வோம் என்றேன். யோசிக்கிறோம் என்றார்கள். இன்னும் யோசிக்கிறார்கள்.

உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல முன்பின் தெரியாத ஒருவரின் போன் போதும். இல்லை என்று சொல்லத்தான் உலகத்து அத்தாட்சி எல்லாம் வேண்டும். டிவியில் இத்தனை வருடம் குப்பை கொட்டி நான் படித்தது இது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு காலை, ராசிபலன் முடிந்தது. அடுத்தது சமையல். புரொம்ப்டரில் அப்படித்தான் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் கமராவைப் பார்த்தேன்.

"சல்லியில் இருக்கும் மலருக்கு ஒரு செய்தி," என்றேன்.

காதுக்குள் சத்தம் கேட்டது. மொனிட்டரில் என் முகம் மறைந்து ஒரு சவர்க்கார விளம்பரம் வந்தது. வாய் மட்டும் கொஞ்ச நேரம் சும்மா பேசிக்கொண்டிருந்தது. நியாஸ் உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். ஏசவில்லை. எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார். இடைவேளை முடிந்ததும் நான் சமையல் செய்தேன் – சிரித்துக்கொண்டே.

நிகழ்ச்சி முடிந்தவுடன் மலர் போன் எடுத்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, என்ர பேரைச் சொன்னனீங்கள், அதுக்குள்ள விளம்பரம் வந்திட்டுது. சேதி என்ன? அவர் வாறாரோ?"

குசினியில் சொன்னதையே திரும்பவும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, ஓம் அக்கா, டிவியில வரட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மாமியார் ஒரு பின்னேரம் மருமகளுக்குத் தெரியாமல் தனியே போய்க் கடலில் சோறு போட்டுவிட்டு வந்தாராம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. ஐயரை வைத்துக் கிரியை செய்ய மலர் விடவும் இல்லை. ஒரே வீட்டில் ஒருத்திக்குப் பிள்ளைகள் செத்துவிட்டார்கள், மற்றவளுக்குப் புருஷன் வந்துகொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். நான் இன்னும் காலையில் ராசிபலன் வாசிக்கிறேன். மலர் இன்னும் பார்க்கிறாள்.

டிவியில் விடாத அந்த ஒரு வரியை இங்கே எழுதிவிடுகிறேன். ஆசிரியர் வெட்டமாட்டார் என்று நம்புகிறேன்: மலர், நாங்கள் அன்றைக்குச் சொன்ன செய்தி பிழை. அது உங்கள் யோகநாதன் இல்லை.

எழுதிவிட்டேன்.

மலர் பத்திரிகை வாசிப்பதில்லை.