கோதுமை இல்லாத அப்பம்

எனக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, இனிமேல் கோதுமையைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். நோய் தெரியவருவதற்கு முன் இரண்டு வருடமாக வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. ரத்தம் குறைந்து, வகுப்புக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சத்து மாத்திரைகளைத் தின்று அலுத்த பிறகுதான் குடல் மருத்துவரிடம் போனேன். எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, சீலியாக் நோய் என்றார். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் என் குடலுக்கு ஆகாது. ஒரு துளிகூட உள்ளே போகக் கூடாது. இது ஆயுள் முழுக்க.

நான் பயப்படவில்லை. வண்டியில் திரும்பி வரும்போதே கணவரிடம் சொன்னேன்.

"சப்பாத்தி, பூரி, ரவை, சேமியா. நாலு சாமான நிறுத்துனா முடிஞ்சது. நாம சோறு திங்கிற ஆளுங்கதான? இதுக்குப் போயி அந்த டாக்டர் அம்புட்டு நேரம் பேசுறாரு."

நிறுத்தினேன். ஆறு வாரம் கழித்தும் வயிறு அப்படியேதான் இருந்தது. மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "எங்கேயோ சாப்பிடுறீங்கம்மா" என்றார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளை நான் பார்க்கிற அதே பார்வை. எனக்குச் சுருக்கென்றது. நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை.

அந்த வாரம் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில், குளூட்டன் இல்லாத சமையல் பற்றிய தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையில் பொன்னிறமாக ஒரு ரொட்டி. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, படிக்காமலே விற்றிருக்க வேண்டும். என் கணவர் பழங்காநத்தத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அன்று கடையை அடைத்துவிட்டு வந்து பக்கங்களைப் புரட்டினார்.

"பாதாம் மாவுல ரொட்டியா? இதுல இருக்கிற சாமான்ல ஒண்ணுகூட நம்ம தெருக் கடையில கிடைக்காதே."

உண்மைதான். எங்கள் வீட்டில் அப்போது ஓவன்கூட இல்லை. ஆனால் சமையல் குறிப்புகள் தொடங்குவதற்கு முன்னால், பொதுவாக யாரும் படிக்காத நாலு பக்கங்கள் இருந்தன. சமையலறை அலமாரியைக் காலி செய்யுங்கள், ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள் என்று அதில் இருந்தது. பாடப் புத்தகம் மாதிரி அதை இரண்டு தடவை படித்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் பேப்பரை விரித்து எல்லாவற்றையும் இறக்கினோம். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார், நான் எழுதினேன். சோயா சாஸ், சூப் பொடி என்று இரண்டை ஓரம் தள்ளிய பிறகு, ஒரு சின்ன டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெருங்காயத்துல மைதா போடுவாங்களா?"

"பெருங்காயத்துல காயந்தான இருக்கும்?"

"இந்தா, நீயே பாரு. கோந்து, மைதா, அதுக்கப்புறந்தான் காயம்."

வாங்கிப் பார்த்தேன். ரசம், சாம்பார், கூட்டு என்று தினமும் மூன்று வேளையும் என் கையாலேயே அள்ளிப் போட்டிருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வந்த கோபம் அடங்க அன்று பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் நாட்டு மருந்துக் கடையில் மாவு கலக்காத கட்டிக் காயம் வாங்கினோம். இரண்டு மாதத்தில் வயிறு அடங்கியது. படி ஏறும்போது மூச்சு என் வசமிருந்தது.

அதன் பிறகுதான் அந்தப் புத்தகத்தில் எனக்கு உண்மையான ருசி வந்தது. அதிலுள்ள பண்டங்களைச் செய்ய அல்ல; கோதுமை ஒரு பண்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க. ஓரிடத்தில் ஒட்ட வைக்கிறது, ஓரிடத்தில் மொறுமொறுப்பு தருகிறது, இன்னோரிடத்தில் காற்றைப் பிடித்து வைக்கிறது. வேலை தெரிந்துவிட்டால் ஆளை மாற்றிவிடலாம். கணக்கு டீச்சருக்கு இது கஷ்டமா? முட்டையையும் ஜவ்வரிசி மாவையும் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். என்னுடன் வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் டி. கல்லுப்பட்டியிலிருந்து சாமையும் குதிரைவாலியும் வாங்கிவந்து தந்தார். குக்கரில் சுட்ட முதல் கேக்கைக் கத்தியால் வெட்ட முடியவில்லை. மூன்றாவதில் என் கணவர் கேட்காமலே இன்னொரு துண்டு எடுத்தார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் கோவிலில் இயேசுவின் நினைவாகத் திருவிருந்தில் கொடுக்கும் அப்பம் கோதுமையில் செய்தது. ஏழு மாதமாக நான் பீடத்துக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றேன். வீட்டில் அம்புட்டையும் மாற்றியவளுக்கு இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. கடைசியில் ஒருநாள் போதகரிடம் போய் நின்றேன்.

"ஐயா, எனக்குத் தனியா ஒரு சின்னத் தட்டு வேணும். அப்பத்த நானே சுட்டுக் கொண்டுவாரேன்."

"அரிசியிலயா டீச்சர்?"

"அரிசியிலதான்."

சபைப் பெரியவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து, "கொண்டுவாங்க" என்றார். அரிசி மாவும் உப்பும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து, தோசைக்கல்லில் மெல்லிசாகச் சுட்டு, ஆறு துண்டாக வெட்டி எடுத்துப் போனேன்.

அவர் சபையில் அறிவிப்பார் என்று நான் நினைக்கவில்லை. "கோதுமை ஒத்துக்காதவங்களுக்குத் தனியா அப்பம் இருக்கு. இடது பக்கமா வந்து முழங்கால் போடுங்க" என்றார். அத்தனை பேர் பார்வையும் என் முதுகில் பட நடந்துபோய் முழங்கால் போட்டேன். பக்கத்தில் சேலை சரசரத்தது. பாடகர் குழுவில் இருக்கும் ஒரு பெண். பல வருடமாகப் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

ஆராதனை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் இதான் டீச்சர். மூணு வருஷமாச்சு. மாமியார் வீட்ல, சாப்பாட்டுல குத்தம் சொல்றேன்னு நினைச்சிருவாங்க. அதான் யார்ட்டயும் சொல்லல."

"அப்ப திருவிருந்துக்கு?"

"பாடிக்கிட்டே அங்கனக்குள்ளயே நின்னுக்கிருவேன்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"இட்லி. காலையில இட்லி, ராத்திரிக்கும் இட்லி."

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றேன். அன்று குதிரைவாலிச் சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டார். பிறகு சாமை மாவு கேக்கில் ஒரு துண்டை எடுத்து, ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். "கேக்கு தின்னு மூணு வருஷமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எங்கள் அடுப்படியில்தான் இருக்கிறார். என்னைவிட அவருக்குக் கை நல்ல கை. மாவைப் பிசைந்து இன்னும் பத்து நிமிடம் மூடி வைத்தால் அப்பம் விரிசல் விடாது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். நான் அளந்து போடச் சொல்வேன், அவர் கண்ணளவு போதும் என்பார். போன சனிக்கிழமை தேங்காய்ப்பால் எவ்வளவு ஊற்றுவது என்பதில் சண்டை வந்து, ஆளுக்கொரு கேக் சுட்டோம். அவருடையதுதான் நன்றாக வந்தது. நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.