கசப்பு நீரும் ஒரு கங்காணியின் பெயரும்

குளச்சலில் அந்தக் கட்டா மீன்கள் உள்ளுக்குள் அழுகியதற்குக் காரணம் கங்காணி சுயம்பு அல்ல. நான். அவன் உப்பில் வஞ்சகம் செய்தான் என்று எழுதிக் கையொப்பமிட்டதும் நானே.

சொல்லிவிட்டேன்! பதினான்கு ஆண்டுகளாகத் தொண்டையில் நின்ற சொற்கள் இவை. எழுதிய பின்பாவது பாரம் குறையும் என்று எண்ணினேன்... குறையவில்லை.

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்கலாம். நாகர்கோவிலில் அறிவியல் குறித்து யாரேனும் மேடையேற வேண்டுமென்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் ஆள் வரும். திருவனந்தபுரத்தில் ரசாயனம் பயின்று பட்டம் பெற்றவன் நான். கோட்டின் பொத்தானைப் போடாமல் தெருவில் இறங்கியறியேன். என் சொல்லை மறுத்துப் பேசியவர் இந்த ஊரில் எவருமில்லை... ஒருவனைத் தவிர. அந்த ஒருவனைத்தான் நான் அழித்தேன்.

மணக்குடிக் காயலுக்கு அருகே ஓர் உப்பளத்தில் அப்போது நான் மேலாளன். சுயம்பு அங்கே கங்காணி. அய்யா வழியைச் சேர்ந்தவன். தலைப்பாகையும் நெற்றி நாமமும் இல்லாமல் அவனை நான் கண்டதில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவன். ஆயினும் ‘அவன்’ என்றே எழுதுகிறேன், பாருங்கள்! இந்த வாக்குமூலத்திலும் என் பேனா குனிய மறுக்கிறது.

உப்பு விளையும் முறையை நீங்கள் அறிந்தால்தான் என் குற்றத்தின் அளவு விளங்கும்.

கடல்நீர் ஒரே பொருளின் கரைசல் அன்று. பல உப்புகள் அதில் ஒருங்கே கரைந்திருக்கின்றன. வெயிலில் நீர் வற்ற வற்ற, கரைந்து நிற்க இயலாதவை ஒவ்வொன்றாகப் பிரிந்து படியும். முதலில் சுண்ணம் சார்ந்தவை. அடுத்து நாம் உண்ணும் உப்பு. மக்னீசிய உப்புகள் மட்டும் இறுதிவரை நீரை விடாது பற்றி நிற்கும். ஆகவே உப்பு படிந்ததும், பாத்தியில் எஞ்சிய கசப்பு நீரை மடை திறந்து வெளியேற்றிவிட்டுத்தான் புது நீர் பாய்ச்ச வேண்டும். எப்போது திறப்பது என்பதை அளத்து மக்கள் நாவால் அறிவார்கள். விரலை நனைத்து நுனிநாக்கில் வைப்பார்கள். கசந்தால் மடையைத் திறப்பார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அது காட்டுமிராண்டித்தனமாகத் தோன்றிற்று. நான் கண்ணாடியால் ஆன அடர்த்திமானியைக் கொண்டுவந்தேன். கரைசலில் மிதக்கவிட்டால் அதன் செறிவை எண்ணாகக் காட்டும் கருவி. நாக்கு எங்கே, எண் எங்கே!

அந்த ஆண்டு என் மேலதிகாரிக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன்: விஞ்ஞான முறையைக் கைக்கொண்டு, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குள் வழக்கத்தைவிடக் கால் பங்கு கூடுதலாக உப்பு எடுத்துக் காட்டுவேன் என்று. யாரும் கேளாமலே கொடுத்த வாக்கு. மழை நெருங்கியது. உப்பு கூடவில்லை. கசப்பு நீரோடு இன்னும் எவ்வளவோ உப்பு வீணாகப் போகிறதே என்று தோன்றியது. மடையைத் திறக்க வேண்டாம், அந்த நீரின் மேலேயே புது நீரைப் பாய்ச்சுங்கள் என்று ஆணையிட்டேன்.

புது நீர் சேர்ந்ததும் செறிவு இறங்கியது. மானி நான் விரும்பிய எண்ணைக் காட்டியது. எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொல்லும். எது கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது. முதலாண்டு மாணவனும் அறிந்த இந்த வேறுபாட்டை நான் பாராதிருந்தேன்.

சுயம்பு மட்டும் விரலை நனைத்து நாக்கில் வைத்துவிட்டுக் காறி உமிழ்ந்தான்.

“ஏமானே, இந்தத் தண்ணி வேண்டாம். கைக்குது.”

“மானி சரியாகக் காட்டுகிறது.”

“அது தண்ணிக்க கொழுப்பச் சொல்லும். கைப்பச் சொல்லுமா? ஏமான் ஒருக்கா நாக்குல வச்சுப் பாக்கணும்.”

வரப்பில் உப்பள்ளும் ஓலைப்பெட்டியுடன் நின்ற பெண்களில் ஒருத்தி குரல் கொடுத்தாள்: “ஏ கங்காணி, உம்ம நாக்க அறுத்து அந்தக் குழலுக்குள்ள போட்டுக் குடும். அப்பமாவது ஏமான் நம்புவாரு!”

எல்லோரும் சிரித்தார்கள். சுயம்புவும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில் குரோதம் ஏதுமில்லை என்பதை இன்று அறிவேன். அன்றோ என் உடம்பெல்லாம் எரிந்தது! ஒரு விரல்... ஒரே ஒரு விரலை நனைத்து நாவில் வைத்திருந்தால் போதும். கூலிக்காரர்கள் எதிரில் அதைச் செய்ய என் கௌரவம் இடம் தரவில்லை.

“சொன்னதைச் செய்” என்றேன்.

உப்பு ஏராளமாய் விளைந்தது. வெள்ளை வெளேரென்று குவிந்தது. மறுநாள் காலையில் குவியலின் அடியில் நீர் கசிந்திருந்தது. சுயம்பு ஒரு பிடி அள்ளி அழுத்தி, விரித்த கையை என் முன் நீட்டினான்.

“பாத்தியளா, ஒட்டுது. காத்துல உள்ள ஈரத்தயெல்லாம் இழுக்குது. இது மீனுக்கு ஆவாது ஏமானே. குளச்சலுக்கு மட்டும் விடாதியோ.”

கடற்காற்று ஈரமானது என்று பதில் சொன்னேன்.

இப்போது என் குற்றத்தின் கருவுக்கு வருகிறேன். அதுவரை நடந்ததை அறியாமை என்று நீங்கள் மன்னிக்கக்கூடும். ஆனால் அந்த ஈரக் கையைக் கண்ட கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது! சோடியம் அயனி சுமப்பது ஒற்றை மின்னூட்டம். மக்னீசிய அயனி அளவில் அதனினும் சிறியது, சுமப்பதோ இரட்டை. ஆதலால் அது நீரின் மூலக்கூறுகளை மிகுந்த வலிமையுடன் தன்பால் ஈர்க்கும். காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துத் தானே கரையும். கல்லூரியில் இக்கேள்விக்கு விடை எழுதி நான் பாராட்டுப் பெற்றிருக்கிறேன். தெரிந்தே... ஆம், தெரிந்தே, வண்டிகளைக் குளச்சலுக்கு அனுப்பினேன். தவறென்று ஒப்புக்கொண்டால் சுயம்புவின் நாக்கு வென்றதாகிவிடும் அல்லவா?

இருபது நாட்கள் கழிந்தன. குளச்சலில் மீன் உப்பிடும் கொட்டகை நடத்திய சவரியம்மை என்னும் மூதாட்டி அளத்துக்கு வந்தாள். தலையிலிருந்த ஓலைக் கடவத்தை என் மேசைமேல் இறக்கி, ஒரு கட்டாவை எடுத்து இரண்டாகப் பிளந்தாள். வெளியே மரப்பட்டைபோல் இறுகியிருந்த மீன், உள்ளே கூழாகிக் கிடந்தது. அந்த நாற்றத்தில் எழுத்தர் எழுந்து ஓடிவிட்டார்.

“எந்த மூதேவி தந்த உப்பு இது? நாப்பது வருசமா மீன் கீறுகேன், மேல காஞ்சு உள்ள அழுவுன மீன இப்பந்தான் பாக்கேன். ஏலே கங்காணி, நீயும் பிள்ள பெத்தவந்தானே? இனயத்துல இதத் தின்னுட்டு ஒரு வீடே படுத்துக் கெடக்கு!”

சுயம்பு என்னைப் பார்த்தான். நான் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்ல உப்பு தசையிலுள்ள நீரை வெளியே இழுத்து, தானும் கரைந்து உள்ளே இறங்கும். மக்னீசியம் மிகுந்தாலோ மேற்பரப்பு முதலில் இறுகிவிடும், உப்பு உள்ளே ஏறாது, உட்புறம் அழுகும். இதை நான் சவரியம்மையிடம் விளக்கவில்லை. அவள் கொட்டகையில் இருந்த மீன் முழுவதையும் கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்தார்கள். பக்கத்துக் கடலோர ஊரான இனயத்தில் நோயுற்றவர்கள் ஒருவாறு எழுந்துவிட்டார்கள். அந்த மட்டில் எனக்கு அதிர்ஷ்டம்... அதிர்ஷ்டம் என்றா எழுதினேன்? சீ!

விசாரணைக்கு மேலதிகாரி வருவதாகத் தந்தி வந்தது. அன்று பிற்பகல் சுயம்புவை என் அறைக்கு அழைத்தேன். கதவைச் சாத்தினேன். முதன்முறையாக அவனை நாற்காலியில் அமரச் சொன்னேன். அவன் அமரவில்லை.

மடையைத் திறக்கச் சொல்லி நான் ஆணையிட்டதாகவும், அளவு கூட்டிக் காட்ட வேண்டி அவனே திறக்காமல் விட்டதாகவும் ஒப்புக்கொள்ளச் சொன்னேன். மழைக்காலம் முடியும்வரைதான்... முடிந்ததும் அதே வேலையில் மறுபடி அமர்த்துவேன் என்றேன்.

அவன் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

“சனம் என்னக் கள்ளன்னுல்லா சொல்லும், ஏமானே?”

“நான்கு மாதம். பிறகு நானே சரிசெய்வேன். என் வாக்கு.”

“ஏமான் வாக்குன்னா பின்னே நான் என்ன சொல்லட்டு?” என்றான். தலைப்பாகையைச் சற்றே இறுக்கிக்கொண்டான். “அய்யா அறிய, எம் பொண்டாட்டிட்டகூட இத மிண்ட மாட்டேன்.”

கேட்டீர்களா? நான் கேளாமலே அவன் அந்தச் சத்தியத்தைத் தந்தான்!

மறுநாள் அவன் குற்றத்தை ஏற்றான். நான் அறிக்கை எழுதினேன். ‘பேராசையால் செய்த வஞ்சகம்’ என்னும் தொடர் என்னுடையது. அது தேவையே இல்லை. அறிக்கையின் மொழிநடை நிமிர்ந்து நிற்கட்டுமென்று சேர்த்தேன்.

மழை முடிந்தது. நான் அவனை அழைக்கவில்லை. அழைத்தால் கேள்வி எழும். கேள்வி எழுந்தால் விடை தேடுவார்கள். இரண்டு முறை அளத்து வாசலில் வந்து நின்றான். இரண்டு முறையும் நான் இல்லையென்று சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை அவன் வரவில்லை. கடலோரத்தில் எந்த அளமும் அவனைச் சேர்க்காததால் பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். வெயிலிலேயே வாழ்ந்த உடம்பு மலைக்குளிரைத் தாங்கவில்லை. ஒரே ஆண்டில் காய்ச்சலில் இறந்தான்.

நானோ உயர்ந்தேன். சொற்பொழிவாளனானேன். ஒருமுறை வாசகசாலையில் திடப்பொருள்களின் வகைகளைப் பற்றிப் பேசினேன். கற்பூரம் ஏன் திறந்த தட்டில் காற்றோடு போய்விடுகிறது, உப்பை உருக்க மட்டும் ஏன் உலைக்களத்தின் சூடு வேண்டியிருக்கிறது என்று கேட்டு, நானே விடை சொன்னேன். கற்பூரத்தில் மூலக்கூறுகள் மெலிந்த கவர்ச்சியால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன; உப்பிலோ எதிரெதிர் மின்னூட்டங்கள் அணிவகுத்து இறுகப் பிடித்திருக்கின்றன. வைரத்திலோ கல் முழுவதும் ஒரே பிணைப்பு என்றேன். சபை வாய்திறந்து கேட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு மளிகைக்கடைக்காரர் எழுந்தார். “சார், மழ வந்தா என் கடை உப்பு மட்டும் மூக்கச் சிந்தி அழுது. அது எதுக்காக்கும்?”

சபை சிரித்தது. நான் அரை மணி நேரம் விளக்கினேன். மக்னீசியம் என்ற சொல்லை எத்தனை முறை உச்சரித்தேன் என்று தெரியாது. என் குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை. எப்படி நடுங்காமல் இருந்தது? அதை எண்ணும்போதுதான் என்னைக் கண்டு நானே அஞ்சுகிறேன்.

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் ஒரு விதவை என் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். நரைத்த தலை, வெறுங்காது. அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“நான் தங்கம்மையாக்கும், ஏமானே. கங்காணி சுயம்புக்க வீட்டுக்காரி.”

உண்மை தெரிந்து வந்துவிட்டாள் என்று நினைத்தேன். நம்புங்கள், அந்த ஒரு கணம் என் நெஞ்சில் எழுந்தது அச்சம் மட்டுமன்று, விடுதலையும்தான்! வசைபாடட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், ஊரே கூடட்டும் என்று எழுந்து நின்றேன்.

அவள் கைகூப்பினாள்.

“அவரு ஏமானுக்குச் செய்தது பெரிய துரோகம். நல்ல மனுசன்தான்... எதுக்கு அப்படிச் செய்தாருன்னு சாவுத வரைக்கும் எனக்கிட்ட சொல்லல்ல. கேட்டா மொகத்தத் திருப்பிக்கிடுவாரு. எனக்கு ஒருபாடு நாளு கோவம், ஒருவாய் சோறு ஒழுங்காப் போட்டதில்ல. இப்பவும் அளத்துக்காரனுவ அவரு பேரச் சொல்லித் துப்புதானுவ. ஏமான் மாப்பு தந்தாச்சுன்னு ஒரு சொல்லு சொன்னா, நான் போய் அவனுவகிட்ட சொல்லிக்கிடுவேன். அந்த ஆத்மா அடங்கும்.”

சுயம்பு சத்தியத்தைக் காத்துவிட்டான். மனைவியின் வெறுப்பைத் தின்றுகொண்டே காத்துவிட்டான்.

வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன்... தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர்கள், என்னைக் கண்டால் வணங்குகிறவர்கள்.

“மன்னித்தேன்” என்றேன்.

அவள் அழுதாள். தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். போகும் வழியில் அந்த இருவரிடமும் என் பெருந்தன்மையைச் சொல்லிக்கொண்டே போனாள். மாலைக்குள் அது ஊரெங்கும் பரவிவிட்டது. இன்றுவரை அதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள்.

என்னைத் தண்டிக்க யார் இருக்கிறார்கள்? சுயம்பு இல்லை. சவரியம்மையும் இல்லை. தங்கம்மை என்னை வாழ்த்துகிறாள். மீதி இருப்பது நீங்கள்தான். ஆகவேதான் உங்கள் முன் இதை வைத்தேன்.

ஆனால் அதையாவது முழுமையாகச் செய்தேனா? சுயம்புவின் பெயரை எழுதினேன். தங்கம்மையின் பெயரை எழுதினேன். மீனைப் பிளந்து காட்டிய கிழவியின் பெயரையும் எழுதினேன். கடைசியில் என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு, மை உலரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, அந்த இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டேன்.