முகாம் விழுந்த நாளும் என் கேக்கும்

என் பிறந்தநாளை ஒரு யுத்தத்தோடு பங்கு போட்டுக்கொண்டுதான் நான் வளர்ந்தேன். தம்பியோடோ தங்கையோடோ என்றால் பொறுத்திருப்பேன். அவர்களை அடிக்கலாம், கிள்ளலாம். யுத்தத்தை என்ன செய்வது?

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பா, அப்பாவின் தமையன். எங்களுக்கு முன்னரே கனடா வந்து, எங்களையும் கூப்பிட்டு, ரொறன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுண் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் குடிவைத்துவிட்டு, தான் மில்லிக்கனில் வீடு வாங்கிக்கொண்டு போனவர். மெத்தை செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்பா அந்த எட்டையும் எட்டவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும், பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன். இங்கேயும் சொல்லிவிட்டேன்.

ஆனால் பெரியப்பாவின் தலைக்குள் ஒரு நாட்காட்டி இருந்தது. ஒரு திகதியைச் சொன்னால் போதும். ஊரில் போர் தொடங்கிய காலத்திலிருந்து வருடம் வருடமாக, அந்தத் திகதியில் எந்த இராணுவ முகாம் அடிபட்டது, எந்தப் பாதை மூடப்பட்டது, எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் பின்வாங்கியது என்று ஒப்புவிப்பார். பெரியம்மாவின் பிறந்தநாள் மட்டும் ஞாபகம் இருக்காது. நான் எத்தனையாம் வகுப்பு என்பதும் இருக்காது. வரும்போதெல்லாம் கேட்பார்.

ஒவ்வொரு வருடமும் என் பிறந்தநாளுக்குக் கேக் பெட்டியோடு வருவார். சப்பாத்தைக் கழற்றும்போதே தொடங்கிவிடும்.

"பிள்ளை, இண்டைக்கு என்ன நாள் தெரியுமோ?"

"என்ர பிறந்தநாள்."

"அது கிடக்கட்டும்."

பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார். ஒரு வருடம் இதே நாளில் சந்தைக்கு மேலே விமானம் வந்து குண்டு போட்டது. இன்னொரு வருடம் இதே நாளில் கடலில் ஒரு கப்பல் எரிந்தது. வேறொரு வருடம் ஒரு பட்டணத்தை விட்டுச் சனமெல்லாம் மழைக்குள் நடந்தது. சமாதானம் பேசிக்கொண்டிருந்த வருடங்களையாவது விட்டுவிடுவார் என்று நம்பினேன். "உந்த நாளிலை ஒரு வெடிகூடக் கேக்கேல்லை எண்டதும் ஒரு செய்திதான்" என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

நான் பிறந்த வருடத்தை மட்டும் கடைசிக்கு வைத்திருப்பார். அங்கேதான் வண்டி நிற்கும். அந்த வருடம் கடலேரிக் கரையிலிருந்த ஒரு முகாம் விழுந்ததாம். விழுந்தது இதே நாள் என்பார் பெரியப்பா. இல்லை, முதல்நாள் என்பார் அப்பா. மற்றெந்த வருடத்துக்கும் வாய் திறக்காத அப்பா, இதற்கு மட்டும் எழும்பி நிற்பார்.

"நான் அங்கை நிண்டனான் அண்ணை!"

"நிண்டவனுக்குப் புகைதான்ராப்பா தெரியும். பேப்பர் வாசிச்சவனுக்குத்தான் திகதி தெரியும்."

குசினிக்குள்ளிருந்து அம்மா, "அண்டைக்கு மழை" என்பாள். அவ்வளவுதான். அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எண்ணெய்க்குள் அடுத்த றோல்ஸைப் போடுவாள்.

இதற்கிடையில் அப்பா எப்போதோ கொளுத்திய மெழுகுதிரி கேக்கின்மேல் எரிந்துகொண்டே இருக்கும். வாதம் ஓய்ந்தாலும் கேக் வெட்ட முடியாது. செத்தவர்களைப் பற்றி இவ்வளவு கதைத்துவிட்டு உடனே கைதட்டிப் பாடுவது முறையில்லை என்பது பெரியப்பாவின் கட்சி. ஆகவே எல்லோரும் எழும்பி, தலைகுனிந்து, அகவணக்கம் செலுத்த வேண்டும். பிறந்தநாள் பாட்டுக்கு முன்னால் அகவணக்கம் நடந்த வீடு ரொறன்ரோவில் எங்கள் வீடாகத்தான் இருக்கும். நான் குனிந்த தலையோடு மெழுகு ஐசிங்கில் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என் பிறந்தநாள் கேக்கின் ருசி என்றால் இன்றைக்கும் எனக்கு மெழுகின் ருசிதான்.

ஒன்பது வயது வரப்போன வருடம் எனக்குப் பொறுமை தீர்ந்துபோனது. அதற்குக் காரணம் என் வகுப்புத் தோழி, ஒரு பிலிப்பைன்ஸ்காரி, எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடம். அவளுடைய பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். கேக் வெட்டுவதற்கு முன்னால் அவளுடைய அம்மா அவள் பிறந்த கதையைச் சொன்னாள். பனி கொட்டியதாம், கார் வழுக்கியதாம், தகப்பன் பதற்றத்தில் ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு ஆஸ்பத்திரிக்குள் ஓடினாராம். எல்லோரும் சிரித்தார்கள். அவள் நடுவில் ராணி மாதிரி நின்றாள்.

எனக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"நான் எப்பிடிப் பிறந்தனான்?"

"பிறந்தனீ" என்றார் அப்பா.

அன்றைக்கே நிபந்தனை வைத்தேன். இந்த வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். முகாம் வரக்கூடாது. கப்பல் வரக்கூடாது. அகவணக்கம் கூடாது. அப்பா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பெரியப்பாவுக்கு அம்மா ரெலிபோன் எடுத்தாள். "அத்தான், இந்தமுறை பிள்ளையின்ர நாள். நீங்கள் வாங்கோ, சாப்பிடுங்கோ, வாயைத் திறக்காதேங்கோ."

பெரியப்பா உண்மையிலேயே வாயைத் திறக்கவில்லை. கேக் பெட்டியை வைத்தார். சப்பாத்தைக் கழற்றினார். சோபாவின் மூலையில் கைகட்டிக்கொண்டு, பல்லுக்கொதி வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். வெளியே குளிர். கட்டில்மேல் பிள்ளைகளின் ஜாக்கெற்றுகள் மலைபோலக் குவிந்திருந்தன. எல்லாம் நல்லபடி நடந்தது. அப்பா மெழுகுதிரி கொளுத்தினார். நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.

ரெலிபோன் அடித்தது.

பெரியப்பாவுக்குத்தான். தமிழ் வானொலி நடத்தும் அவருடைய சிநேகிதர் ஒருவர், திகதி எதையும் பெரியப்பாவைக் கேட்காமல் வாசிக்கமாட்டார். மில்லிக்கனுக்கு எடுத்துப் பார்த்து, பெரியம்மாவிடம் எங்கள் இலக்கத்தை வாங்கியிருக்கிறார். பெரியப்பா வயரை இழுத்துக்கொண்டு மூலைக்குப் போய் மெதுவாகத்தான் கதைத்தார். "ஓம்... ஓம்... பிறகு எடுக்கிறன்... இல்லையில்லை, அது இண்டைக்குத்தான் விழுந்தது. இண்டைக்கெண்டே வாசி."

"இண்டைக்கில்லை!" என்றார் அப்பா.

சத்தியம் செய்த அதே அப்பா. கையில் இன்னும் தீப்பெட்டி.

"தம்பி, சும்மா இரு."

"என்னெண்டு சும்மா இருக்கிறது? வெடி தொடங்கினது முதல்நாள் பொழுதுபடேக்கை. நான் சைக்கிளிலை போய்க்கொண்டிருந்தனான். என்ர ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்!"

"தொடங்கினதை ஆர் கேட்டது? விழுந்ததைக் கதை!"

"அண்டைக்கு மழை" என்றாள் அம்மா, றோல்ஸ் தட்டோடு.

ரெலிபோனுக்குள் வானொலிக்காரர் அலோ, அலோ என்று கத்திக்கொண்டிருந்தார். மெழுகு ஐசிங்கில் இறங்கியது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் பெரியப்பா ரெலிபோனை வைத்துவிட்டு, மூச்சு வாங்கி, பழக்கதோஷத்தில் எழும்பித் தலையைக் குனிந்தார். அப்பாவும் குனிந்தார். என் வகுப்புப் பிள்ளைகளும், என்னவென்று தெரியாமல், மரியாதையாகக் குனிந்தார்கள். அமைதி முடிந்ததும் பிலிப்பைன்ஸ்காரி தெளிவான குரலில், "ஆமென்" என்றாள்.

நான் வெடித்துவிட்டேன். என்னிடமிருந்த தமிழ் முழுவதையும் திரட்டிக் கத்தினேன்.

"இது என்ர பிறந்தநாள்! நான் பிறந்த அண்டைக்கு என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டியள். எப்ப பாத்தாலும் முகாம், முகாம்!"

பெரியப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அதைத்தானேடி மடைச்சி, நாங்கள் ரெண்டுபேரும் இவ்வளவு நேரமாக் கதைக்கிறம்" என்றார்.

மனுசன் என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். கேக்கை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் ஓடினேன்.

போன வருடம் பெரியம்மா எனக்கு ஒரு கலியாணம் பேசிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்டார்களாம். நான் முதுமாணிப் பட்டத்தோடு நிற்கிறேன், அவர்களுக்கு என் நட்சத்திரம் வேண்டுமாம். எரிச்சலோடு அம்மாவிடம் போய், பிறந்த நேரத்தைச் சொல்லித் துலையுங்கோ என்றேன்.

"நேரமோ? நாளே சரியாத் தெரியாது" என்றாள் அம்மா, பாத்திரம் கழுவிக்கொண்டே.

இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருந்தார்களாம். நாட்காட்டி இல்லை. அம்மாவுக்குப் பின்னேரம் வலி தொடங்க, அப்பா மருத்துவிச்சியைக் கூட்டிவரச் சைக்கிளில் போனார். வழியில் வெடி தொடங்கியது. பாதை அடைபட்டது. அவர் திரும்பி வரும்போது நான் இருந்தேன். பின்னாளில் கனடாவுக்குக் கூப்பிட, நான் பிறந்த திகதியைக் கேட்டுப் பெரியப்பா அங்கே ரெலிபோன் எடுத்தபோது, அப்பாவுக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அந்த முகாம் அடிபட்டபோது பிறந்தது என்பதுதான். பெரியப்பா தன் தலைக்குள்ளிருந்த நாட்காட்டியைப் புரட்டி எனக்கொரு நாள் பொறுக்கித் தந்தார். அது பிழை, ஒரு நாள் பிந்திவிட்டது என்று அப்பா அன்றைக்குத் தொடங்கியவர்தான்.

நான் படித்தவள் அல்லவா? தேடிப் பார்த்தேன். ஒரு தரப்பு சண்டை தொடங்கிய நாளைச் சொல்கிறது. மற்றத் தரப்பு முகாம் விழுந்த நாளைச் சொல்கிறது. நடுவில் ஓர் இரவு. அந்த இரவில் எங்கேயோ நான் பிறந்திருக்கிறேன். அப்போது என்னோடு இருந்தவள் அம்மா. இத்தனை வருடமாக இரண்டு ஆம்பிளைகளும் தொண்டை கிழியக் கத்தினார்களே தவிர, குசினிப் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வருகிறது. நான் கேட்டேன்.

"மழை பெய்துகொண்டிருந்தது" என்றாள் அம்மா. "வெடிச் சத்தத்துக்குள்ளை ஒண்டும் விளங்கேல்லை. பிறகு சத்தம் நிண்டுது. நீ அழுதது கேட்டுது. முகாம் விழுந்ததாலை நிண்டுதோ, எனக்குத்தான் காது அடைச்சுதோ, அது எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை வீட்டாருக்கு நேரம் தெரியாது என்றே சொல்லியனுப்பினோம். பிறகு சத்தமில்லை. நல்லது.

அந்த ஒன்பதாவது பிறந்தநாளில், நான் ஜாக்கெற்றுக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் பெரியப்பாவும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கிவிட்டார்கள். தொடங்கியது, விழுந்தது, இண்டைக்கு, முதல்நாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, இந்த வீட்டில் என்னைப் பற்றிக் கதைக்க ஒருவருமே இல்லையே என்று அழுதேன்.