கடைசி வருஷத்துப் பட்டாசு சீசன்

பி.ஏ. மூன்றாம் வருஷம் தொடங்கியபோது படிப்பில் எனக்கிருந்த ஆசை தீர்ந்துபோயிருந்தது. எப்படியாவது முடித்தால் போதும் என்றுதான் இருந்தது. வானம் தொடர்ந்து பொய்த்ததில் எங்கள் கரிசல் காட்டில் பருத்தி முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. கல்லூரியில் கட்ட வேண்டிய முதல் வருஷச் சம்பளத்துக்கு அம்மாவின் காதில் கிடந்தது போனது. அடுத்த வருஷத்துக்கு உழவுமாடுகள். இனி விற்க நிலம்தான் இருந்தது. அந்த மழையில்லாக் காய்ச்சலில் அதை வாங்கத்தான் ஆளில்லை.

விருதுநகரில் கல்லூரி விடுதியில் இருந்தேன். ஆவணி பிறந்ததும் மெஸ்ஸில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். வார்டன் இளகிய மனசுக்காரர்.

"ரூமை விட்டுப் போகச் சொல்லலை தம்பி. சாப்பாட்டை மட்டும் வெளியில பாத்துக்கோ. பரீட்சைக்குப் பணம் கட்டுறதுக்குள்ள பழைய பாக்கியையும் தீர்த்திடணும்" என்றார்.

அன்றுமுதல் அறைத்தோழன் தட்டில் மறைத்துக் கொண்டுவரும் சோறுதான் என் சாப்பாடு. வகுப்பில் கண் சொருகும். எழுதிய குறிப்பை மறுநாள் படித்தால் எனக்கே புரியாது.

அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன். அய்யாவிடம் பணம் கேட்க வாய் வரவில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் தீபாவளி சீசனுக்குச் சனி, ஞாயிறும் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை என்னை ஒரு நீளக் கொட்டகைக்கு அனுப்பினார். காகிதத்தில் பசை தடவி, கம்பியில் சுற்றி, வெடிக்கான குழாய் செய்கிற இடம். உள்ளே வரிசையாகப் பெண்கள். அவர்களுக்கு நடுவில் முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார் என் அய்யா.

சொந்த நிலத்தில் கூலிக்கு ஆள் வைத்துப் பருத்தி எடுத்த சம்சாரி அவர். எங்கள் காட்டில் பருத்தி எடுத்த அக்கா ஒருத்தி அவருக்குப் பக்கத்திலேயே இருந்தாள். "மொதலாளி, பசை தீந்துபோச்சு, இங்கிட்டுத் தள்ளுங்க" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில் அப்படித்தான் கூப்பிட வந்தது அவளுக்கு.

அய்யா என்னைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"காலேசு இல்லையாலே?"

"சனிக்கிழமைய்யா."

"அங்கன உக்காராத, வெயில் எறங்கும். இங்கன வா."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீங்க எதுக்குய்யா இங்க வந்தீக?"

"நீ எதுக்கு வந்த?"

அய்யா ஒரு கம்பியை எடுத்து என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, "சாத்தூர்ல பருத்தித் தரகு பாக்கேன்னு ஒங்கம்மாட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசிவரை ஒவ்வொரு சனி, ஞாயிறும் அவர் அருகில் குழாய் சுற்றினேன். இரவு ஊருக்குத் திரும்பும்போது அவர் முன்னால் போவார். அம்மாவுக்குச் சந்தேகம் வராதபடி நான் பிந்திப் போவேன். விரல்களில் பசை காய்ந்து தோல் உரியும். திங்கட்கிழமை வகுப்பில் பேனாவைப் பிடிக்க முடியாது.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "போதும்யா, படிப்பை விட்டுர்றேன். தெனமும் இங்கேயே வாறேன்" என்றேன்.

அய்யா குழாயைக் கம்பியிலிருந்து உருவினார். "மாட்டை வித்தாச்சுலே. இப்பப் பாதியில நிறுத்துனா அதுக போனதுக்கு என்ன அர்த்தம்?"

தீபாவளியோடு சீசன் முடிந்தது. இருவர் கூலியும் விடுதிப் பாக்கிக்குத்தான் வந்தது. பரீட்சைப் பணத்துக்கு அய்யா கணக்குப்பிள்ளையிடம் முன்பணம் வாங்கினார். அடுத்த சீசன் முழுக்க வந்து உழைத்துக் கழிப்பதாகப் பேச்சு. வாங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னார். எனக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு அசதி.

மூன்றாம் வகுப்பில் தேறினேன். முடிவு தெரிந்த அன்று நேரே கம்பெனிக்குப் போனேன். அடுத்த சீசன் வேலை தொடங்கியிருந்த கொட்டகையில் அனல் அடித்தது. அய்யா நிமிர்ந்து பார்த்தார்.

"பாசா?"

"பாஸ்."

அந்த அக்கா, "நம்ம காட்டுப் பிள்ளை பி.ஏ.வாம்!" என்று மற்றவர்களிடம் உரக்கச் சொன்னாள். அய்யா தண்ணீர்ச் செம்பை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு, "அவசர ஆர்டர் ஒண்ணு கெடக்கு. சாயங்காலம் வரைக்கும் ஒரு கை குடேன்" என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

மல்லாங்கிணறு பக்கத்தில் எனக்கு வாத்தியார் வேலை கிடைக்க மேலும் ஒரு வருஷமானது. அதன்பிறகும் அய்யா கம்பெனிக்குப் போனார், நல்ல மழை ஒன்று பெய்யும்வரை. பருத்தித் தரகுக் கதையை அம்மா எவ்வளவு நாள் நம்பினாளோ தெரியாது. அவளும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.